இன்னும் கொஞ்சம் வேகம்

"நேத்து ராத்திரி கொண்டு போனது இன்னிக்குக் காலையில வெட்டலைன்னு போன் பண்றியே, நான் என்னதான்பா பண்றது?"

வாசலில் வண்டியை நிறுத்தியும் நிறுத்தாததுமாக மெக்கானிக் கேட்டார். அவரே வீடு தேடி வருவார் என்று உச்சாணி எதிர்பார்க்கவில்லை. வாயில் வைத்த பிரஷ்ஷோடு அப்படியே நின்றான்.

"சொல்லியிருந்தா நானே இஞ்சினைக் கழட்டிக்கிட்டு வந்திருப்பேனே, அண்ணே. நீங்க எதுக்கு..."

"நீ கழட்டவும் வேணாம், தூக்கவும் வேணாம். இங்கேயே ஓட்டிக் காட்டு. இதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல."

உண்மையிலேயே இல்லை. ஒரு மாதமாக இந்த மரம் அறுக்கும் மிஷின் அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வேகம் போதவில்லை என்று வந்தான். சைலன்சரின் வாயை அகலப்படுத்தினார். மறுபடி வந்தான், சிலிண்டரில் புகை வெளியேறும் துவாரத்தை ராவிப் பெரிதாக்கினார். மறுபடியும் வந்தான், மெல்லிய கேஸ்கெட் போட்டு அழுத்தத்தைக் கூட்டினார், கார்புரேட்டரைத் திருகித் திருகி விரல் காய்த்துப் போயிற்று. அவன் இஞ்சினை மட்டும்தான் கொண்டு வருவான். பட்டறையில் இவர் தன்னுடைய பிளேடையும் செயினையும் மாட்டி ஓட்டிப் பார்த்தால், எப்பேர்ப்பட்ட கட்டையும் வெண்ணெய் மாதிரி அறுபடும். அவன் வீட்டுக்குப் போனால் மட்டும் வெட்டாது. மெக்கானிக்கின் கைத்திறன் போய்விட்டது என்று மரக்கடைப் பக்கம் பேச்சு வேறு கிளம்பியிருந்தது.

உச்சாணி என்பது உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். எந்த மரமானாலும் உச்சிக் கிளை அவனுடையதுதான். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள்தான் பயப்படுவார்கள்.

"மேஸ்திரி என்ன சொல்றாரு?"

"நாளைக்கும் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாராம். இதுதான் கடைசின்னுட்டாரு. மிஷின் இப்படி இருந்தா நான் என்னண்ணே பண்ண முடியும்? தினமும் கிளம்பறதுக்கு முன்னால இந்தக் கட்டையில ஒரு வெட்டு போட்டுப் பார்ப்பேன். புகையுதே தவிர உள்ள இறங்க மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டிக் குடுங்க."

"செயினுக்கு அரம் போட்டியா?"

"அது புதுசாட்டம் இருக்கு. இஞ்சின்தாண்ணே சரியில்ல."

"சரி, ஸ்டார்ட் பண்ணு."

"பெட்ரோல் இல்லையே" என்றவன், வாயைக் கொப்பளித்துவிட்டு கேனோடு அவசர அவசரமாகக் கிளம்பிப் போனான்.

மெக்கானிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டைமேல் உட்கார்ந்தார். மிஷினை மடிக்கு இழுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

செயின் திருப்பி மாட்டியிருந்தது. முன்னால் பார்க்க வேண்டிய பற்கள் எல்லாம் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன. இப்படி மாட்டினால் விமானத்து இஞ்சினைக் கொண்டுவந்து வைத்தாலும் மரம் புகையுமே தவிர அறுபடாது. தொழிலுக்கு நேற்று வந்தவன் செய்கிற தப்பு இது. உச்சாணி தூக்கத்தில்கூடச் செய்ய மாட்டான்.

டீயோடு வந்த அவன் மனைவி, மெக்கானிக்கின் விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீயாம்மா?"

டம்ளரைக் கீழே வைத்தாள். மறைத்துப் பேச அவளுக்கும் தெம்பு இல்லை போலிருக்கிறது.

"அவர் ராத்திரியே செயினை மாட்டி வெச்சுட்டுத்தான் படுப்பாரு. அவர் எழுந்திரிக்கறதுக்குள்ள நான் திருப்பிப் போட்டுடுவேன். பக்கத்துக் கிளையில நின்ன அவர் கூட்டாளி கயிறு அறுந்து விழுந்தாரே, அந்த வீட்டுக்குப் போயிட்டு வந்ததுலேருந்து எனக்குச் சோறு இறங்கலண்ணே."

"வேலை போயிடும்மா."

"போகட்டும். நான் துணி தைச்சாவது காப்பாத்திடுவேன். அவர் தரையில நின்னா போதும். வாயால சொன்னா கேக்கற ஆளா? பயந்தாங்கொள்ளின்னு என்னைத்தான் கிண்டல் பண்ணுவாரு. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

உன் பயத்துக்கு என் பேர்தானா கிடைத்தது என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபின் கேட்க மனசு வரவில்லை. ஆறிப்போகும் முன் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார்.

அவள் உள்ளே போனதும் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தப்பு இன்னதென்று தெரிந்தபிறகு அப்படியே விட்டுவிட்டுப் போக அவர் கை ஒப்பவில்லை. நாளைக்கு அவனுக்கு வேலை போனால் அந்தப் பழியும் தன் தலையில்தான் விடியும். நட்டைத் தளர்த்தி, செயினை நேராகத் திருப்பி மாட்டி, இறுக்கினார்.

உச்சாணி கேனோடு வந்து சேர்ந்தான்.

"சரி பண்ணிட்டேன். இனிமே வெட்டும். நாளைக்கு தைரியமா மேஸ்திரிகிட்ட போ" என்றார், விஷயத்தைச் சொல்லாமல்.

உச்சாணி குனிந்து செயினைப் பார்த்தான். ஒரே பார்வைதான். முகம் செத்துவிட்டது. வீட்டுக் கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காலடியில் குந்தினான்.

"முன்னாடி இருந்த மாதிரியே திருப்பிப் போட்டுடுங்கண்ணே" என்றான், குரலே எழும்பாமல். "அவன் விழுந்ததுலேருந்து ஏணியைத் தொட்டாலே எனக்குக் காலு நடுங்குது. அவ திருப்பி மாட்டறதை முதல் நாளே பார்த்துட்டேன்... அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."