நாளைக்கு வரும் அழுகை

"இந்த இடத்துல ஒருத்தர்கூட அழலையே மேடம்" என்று எடிட்டரின் காதருகே குனிந்து முணுமுணுத்தார் இயக்குநர்.

திரையில், ஆட்டிசம் உள்ள பதினைந்து வயதுப் பையனைச் சக மாணவர்கள் பள்ளிக் கழிப்பறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போன வாரம் இதே சின்ன அரங்கில் பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, இந்த இடத்தில் வரிசைக்கு நாலு கைக்குட்டையாவது வெளியே வந்தது. இன்று வந்திருந்த இருபத்தெட்டுப் பேருமே ஆட்டிசம் உள்ளவர்கள். அவர்களுக்காகவே சத்தத்தைக் குறைத்து, விளக்குகளில் பாதியை எரியவிட்டிருந்தார்கள். அவர்களோ சுவரைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடிட்டர் மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் யார் அசைகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு கவலை. அடுத்து வரப்போகும் பதினொரு நிமிடக் காட்சிதான் அது. வகுப்புத் தோழன் ஒருவன் தனியாக வந்து, தாழ்ப்பாளைத் திறந்து, அழுகிற பையனின் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போடுவான். அந்த இடத்தில் படம் படுத்துவிடுகிறது, தூக்கிவிடலாம் என்று மூன்று மாதமாக மன்றாடிக்கொண்டிருந்தாள். இயக்குநர் மசியவில்லை. அது தன் சொந்த வாழ்க்கை, அந்தத் தோழன் தான்தான் என்பார். பேட்டிக்குப் பேட்டி அதையே சொல்லி, கேட்டவர்களையெல்லாம் கலங்கவைத்திருந்தார். படம் வெளியாகப் பத்து நாள்தான் இருந்தது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: இன்று பார்க்க வருகிறவர்கள் நெகிழ்ந்தால் காட்சி இருக்கும், இல்லையென்றால் கத்தரிக்கலாம்.

உண்மையில் இவர்கள் அசையாமல் இருக்கவில்லை. அசைந்த இடங்கள்தான் வேறாக இருந்தன. பையனை யாரும் தொடுவதற்கு முன்பே, "வாடா, விளையாடலாம்" என்று அந்த மாணவர்கள் சிரித்த முகத்தோடு கூப்பிட்டபோதே, ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். பையனின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "எல்லாரையும் மாதிரி நீயும் இருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்ட இடத்தில் பத்திரிகைக்காரர்கள் அம்மாவுக்காக உச்சுக்கொட்டினார்கள். இன்று அதே இடத்தில், முன்வரிசையில் இருந்த தடித்த கண்ணாடிக்காரர் மகனுக்காகத் தேம்பினார்.

பதினொரு நிமிடக் காட்சி வந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரிசை இளைஞன் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். இயக்குநரின் முகம் தொங்கிப்போனது.

படம் முடிந்ததும் எல்லோரும் வராந்தாவில் கூடினார்கள். இயக்குநர் குழந்தைகளிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, படம் புரிந்ததா என்று கேட்டார். நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண், நன்றாகப் புரிந்தது, அவர் வழக்கமாகப் பேசுவதுபோலவே பேசலாம் என்றாள்.

"ஆனா உங்களுக்கெல்லாம் மனசு கஷ்டப்பட்ட மாதிரியே தெரியலையேம்மா?"

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. எனக்கு அழுகை நாளைக்குத்தான் வரும்" என்றாள் அவள். "உடனே வராது. நாளைக்கு லீவு போட்டிருக்கேன்."

எடிட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் எழுதிக்கொண்டாள். ஏன் சிரித்தாய் என்று கடைசி வரிசை இளைஞனிடம் கேட்டார் இயக்குநர். அதுவரை எல்லாம் நிஜமாக நடந்ததுபோலவே இருந்ததாகவும், அந்தத் தோழன் வந்தபிறகுதான் இது கற்பனைக் கதை என்று தெரிந்ததாகவும் அவன் சொன்னான்.

இயக்குநருக்குச் சுருக்கென்று தைத்தது. அது கற்பனை இல்லை என்றார். முப்பது வருடத்துக்கு முன்னால் தன் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்ததையும், எல்லோரும் போன பிறகு தான் திரும்பிப் போய்க் கதவைத் திறந்துவிட்டதையும், அன்றைக்கு அவனுக்கு இருந்த ஒரே துணை தான்தான் என்பதையும் சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்தது. இருபது முறை கேட்ட கதைதான். ஆனாலும் எடிட்டருக்குக் கண் கலங்கியது. ஒரு மனிதனின் உயிரான நினைவைத் தூக்கிவிடச் சொல்லி இத்தனை நாள் மல்லுக்கு நின்றோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. இருக்கட்டும், பதினொரு நிமிடமும் அப்படியே இருக்கட்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்து குறிப்பேட்டை மூடினாள்.

கூட்டம் கலையத் தொடங்கியது. இயக்குநர் வயதுக்காரர் ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்ப்பதாகச் சொன்னார். சத்தம் தாங்காது என்று இரண்டு காதையும் அடைத்திருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். படம் நன்றாக வந்திருக்கிறது, பள்ளிக்கூடத்து நடைபாதை அச்சு அசலாக இருக்கிறது, ஓர் இடம்தான் தப்பு என்றார்.

"கழிப்பறை வாசல்ல மூணு பேரைக் காட்டியிருக்கீங்க. மொத்தம் நாலு பேர்."

இயக்குநர் கனிவாகச் சிரித்தார். "நான் அங்கேயே இருந்தேங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் உள்ளே இருந்தேன்" என்றார் மெக்கானிக், குரலை உயர்த்தாமல். "ராத்திரி வாட்ச்மேன் வந்துதான் திறந்துவிட்டார். மூணு பேர் என்னை உள்ளே தள்ளினாங்க. தாழ்ப்பாள் போட்ட நாலாவது ஆள் நீங்க."