ஒரே மேடையில் குகனும் முகுந்தனும்

"அவன் மேடையேறுனா நான் எறங்கிடுவேன்க்கா. ஒரே பேச்சுதான் லா!" என்று சந்திரகலாவிடம் சொல்லி, குகன் உறுமியைத் தோளிலிருந்து கழற்றினான்.

"எறங்கேன்! ஒன்னைய யாரு வெத்தல பாக்கு வெச்சு அழைச்சா?" என்றான் முகுந்தன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் மறுநாள் மாலை 'போர் வேண்டாம்' இசை நிகழ்ச்சி; அன்று ஒத்திகை. குகன் செந்தூல் உறுமிக் குழுவின் தலைவன், முகுந்தன் கிள்ளான் குழுவின் தலைவன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கோயில் திருவிழாவில் யார் முன்னால் போவது என்று அடித்துக்கொண்டதிலிருந்து, இரண்டு குழுவும் ஒரே தெருவில்கூட நிற்பதில்லை.

நிகழ்ச்சிக்கான பாட்டை எழுதி மெட்டுப் போட்ட சந்திரகலாதான் வேண்டுமென்றே இருவரையும் அழைத்திருந்தாள். ஒரு பாட்டால் போரை நிறுத்த முடியும் என்று அவள் நம்பினாள், பாவம்.

"இந்த ரெண்டு பேரையே ஒன் பாட்டு நிறுத்தாது, நீ குண்டு போடுறத நிறுத்தப் போறியாம்மா?" என்று சிரித்தார் மண்டபப் பொறுப்பாளர் பழனியப்பன். "ஒரு நாற்காலி ஒடஞ்சாலும் நாளைக்கு நிகழ்ச்சி கிடையாது. மண்டபத்தப் பூட்டிடுவேன், சொல்லிட்டேன்."

சந்திரகலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாதமாகச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து எழுதிய பாட்டு. வருவது வரட்டும் என்று மைக்கைப் பிடித்து, தாளமே இல்லாமல் பாடத் தொடங்கினாள். குண்டு விழுந்த வீட்டு வாசலில் நின்று, தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஒரு சிறுமியின் பாட்டு அது.

இரண்டாவது சரணத்தில் குகனின் உறுமி மெல்ல முனகியது. அடுத்த வரியில் முகுந்தனின் தவில் சேர்ந்துகொண்டது. பாட்டு முடிந்தபோது இருவரும் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், நீ முன்னால நில்லுடா" என்றான் குகன்.

"ச்சே, நீ நில்லு மச்சான்."

"நான் தோத்துட்டேம்மா" என்று ஒப்புக்கொண்டு, பழனியப்பன் சந்திரகலாவுக்கு நுரை பொங்கும் தே தாரிக் தேநீர் வாங்கப் போனார்.

தலைவர்கள் இருவரும் மூலையில் தோள்மேல் கை போட்டுக்கொண்டு குசுகுசுத்தார்கள்.

"ஒன் பக்கம் எத்தன பேரு வருவானுங்க?"

"நாப்பது. போன் போட்டா இன்னும் இருபது."

நாளைய சாப்பாட்டுக்குத் தலை எண்ணுகிறார்கள் என்று சந்திரகலா பூரித்துப்போனாள். அவர்களுக்கு இரண்டு கோழி கூடுதலாகவே போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்தே அவளிடம் வந்தார்கள். குகன்தான் முதலில் பேசினான். "மனசே தாங்கலக்கா. ரெண்டு குழுவும் ஒன்னாயிட்டோம். இனிமே எங்களுக்குள்ள சண்டையே இல்ல."

"ஐயோ, போதும்டா! என் பாட்டு ஜெயிச்சிருச்சு!" என்று அவள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

முகுந்தன் கையை மெதுவாக விடுவித்து, சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டான்.

"அந்தக் குண்டு போடுறவன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்கக்கா, போயி பேசிட்டு வந்துர்றோம்."