முதுகில் ஒரு சருகு

மேலாளர் கதவில் கை வைத்துவிட்டார்.

அந்தக் கதவுக்கு வெளியே குளிர். உள்ளே, மழைக்காட்டுப் பட்டாம்பூச்சிகளுக்காக நாங்கள் புழுங்கிச் சாகும் கண்ணாடிக் கூடம்.

"இருந்தது ஒரே ஒரு பெண் பூச்சி. அதையும் வாரிக் குப்பையில போட்டுட்ட. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்." எல்லோர் எதிரிலும் என் கணவரிடம் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

சிறகை மூடினால் அந்தப் பூச்சி அசல் சருகு. நடுநரம்பு, காம்பு, பூஞ்சைப் புள்ளி எல்லாம் உண்டு. அதனால் இங்கே ஊதிப் பார்க்காமல் எந்தச் சருகையும் பொறுக்கக் கூடாது. என் கணவர் வீட்டு வாசலில் கூட்டும்போதும் ஊதிப் பார்ப்பார். இவரா வாரிப் போட்டார்? எனக்கு வயிறு எரிந்தது.

அதைவிட எரிந்தது, இவர் செய்த காரியம். பூச்சிகளுக்குப் பழத்தட்டு வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடினார். துரத்தியவருக்கே கோட்டை விரித்துப் பிடித்து மாட்டிவிட்டார். முதுகை வேறு நீவிவிட்டார். கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா இந்த மனுஷனுக்கு!

அப்புறமும் மேலாளர் ஓயவில்லை. செடிகளுக்கு நடுவே நின்று எங்கள் எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் கதவுக்கு வந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். கோட்டின் முதுகில் ஒரு சருகு.

கத்தினால் பறந்துவிடும். கதவு திறந்தால் பூச்சியும் போச்சு, எங்கள் பிழைப்பும் போச்சு.

"சார், முதுகுல இலை," என்றார் என் கணவர் மெதுவாக.

"தட்டி விடுய்யா."

"எனக்கு இங்க வேலை இல்லன்னு இப்பதானே சார் சொன்னீங்க?"

அட பாவி மனுஷா! மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு தானே கையைப் பின்னால் கொண்டுபோனார். நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, சருகின் மேல் ஊதினேன்.

சருகு இரண்டாகத் திறந்தது. உள்ளே அத்தனையும் நீலம், குறுக்கே ஓர் ஆரஞ்சுப் பட்டை.

கதவருகே முதுகைப் பார்ப்பதற்கென்றே ஒரு கண்ணாடி உண்டு. மேலாளர் கழுத்தைத் திருப்பி அதில் பார்த்தார். கதவிலிருந்து கை இறங்கியது.

"சரி… நாளைக்கு வந்துடு."

பூச்சி மட்டும் நகரவில்லை. ஊதியும் பறக்கவில்லை. துணியில் உறிஞ்சுகுழலை ஊன்றி எதையோ குடித்துக்கொண்டிருந்தது. இது பூவைச் சீண்டாத வகை. அழுகிய பழம்தான் இதற்கு வேண்டும்.

குனிந்து முகர்ந்தேன். வாழைப்பழம்.

என் கணவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய் முதல்ல கையக் கழுவுங்க," என்றேன்.