லாவெண்டருக்குத் தண்ணீர் வேண்டாம்

"தண்ணிய நிறுத்துடா" என்றேன்.

மகன் ரப்பர் குழாயைப் பிடித்தபடி என் லாவெண்டர் செடிகளுக்கு நடுவில் நின்றிருந்தான்.

"காஞ்சு போய்க் கிடக்கேம்மா."

"அது அப்படித்தான் கிடக்கணும்."

போன தடவை வந்தபோதும் இப்படித்தான். இருந்த நாளெல்லாம் அன்பாகப் பார்த்துக்கொண்டான். அவன் போன பிறகு இரண்டு செடிகள் வேர் அழுகிச் செத்தன. மண்ணில் பாதிக்குப் பாதி சரளைக்கல் கலந்து, மேடாகப் பாத்தி கட்டி, வெயில் நேராக விழும் இடமாகப் பார்த்து நான் வைத்தவை. லாவெண்டரைப் பட்டினி போட்டு வளர்த்துவிடலாம். குளிப்பாட்டி வளர்க்க முடியாது.

குழாயை மூடிவிட்டு உள்ளே போனான். முகம் தொங்கிவிட்டது.

இந்த முறை மனைவியோடு என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். அவர்கள் வீட்டில் எனக்கென்று ஒரு அறை தயாராம். புதுப் போர்வைகூட வாங்கியாயிற்றாம். என்னால் தனியாக இருக்க முடியாது என்பதற்கு ஒரு நல்ல காரணம் மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை.

போன மாதம் அடுப்பில் ஒரு பாத்திரம் கருகியது. பக்கத்து வீட்டுக்காரி புகையைப் பார்த்து ஓடிவந்தாள். வந்தவள் சும்மா போகாமல் அவனுக்கும் போன் செய்துவிட்டாள். தோட்டத்தில் இருந்தேன், கவனிக்கவில்லை என்று அவனிடம் சொன்னேன். மறுநாளே கேஸ் அடுப்பை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, தானாக அணையும் மின்சார அடுப்பு வாங்கினேன். துடைக்கச் சுலபம் என்றேன்.

அவன் நம்பவில்லை. காலையிலிருந்து பரீட்சை நடக்கிறது.

மருந்து டப்பாவில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னான். படித்தேன். அடுத்த அறையிலிருந்து தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டான். முணுமுணுக்காமல் பேசு என்று பதில் கொடுத்தேன். மருமகள் ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல அவள் தங்கையின் பிறந்தநாள் என்றைக்கு என்றாள். அதைச் சொன்னதோடு, போன வருடம் அவளே அதை மறந்துபோய் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் நினைவுபடுத்தினேன். அப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை. என் பெட்டியை மட்டும் கட்டில்மேல் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

அது வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கத்தரியோடு வெளியே வந்திருந்தேன்.

பனி காய்ந்துவிட்டது. கதிர்களின் அடிப்பூக்கள் விரிந்திருந்தன. தேனீக்கள் வந்து மொய்க்கத் தொடங்கினால் அறுக்கலாம் என்று கணக்கு. அவற்றுக்குத் தெரியாததா.

ஒவ்வொரு கொத்தாகப் பற்றி, பச்சை கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி வெட்டினேன். கீழே கட்டையாகிவிட்ட பகுதியைத் தொடக் கூடாது. அங்கே வெட்டினால் திரும்பத் துளிர்க்காது. விரல்களில் பிசுபிசுப்பு ஏறிக்கொண்டே வந்தது. இந்த வருடம் நன்றாக வந்திருக்கிறது.

"அம்மா."

பின்னால் மகன். கையில் ஒரு தம்ளர் பால்.

"ஃபிரிட்ஜில இருந்துச்சு. கெட்டுப்போயிருக்கே, மோந்து பாரு. இதையா குடிச்சுட்டு இருக்கே?"

வாங்கினேன். மூக்கருகே கொண்டுபோனேன். அவசரப்படவில்லை. தம்ளரின் விளிம்புக்கு மேலாக அவனைப் பார்த்தேன்.

முகத்தைப் பிரமாதமாகச் சுளித்திருந்தான். ஆனால் விரல்கள் காது மடலை உருட்டிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் பென்சிலைத் தொலைத்துவிட்டு, யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று வந்து நின்றானே, அன்றைக்கும் அதே காதுதான்.

"பால் நல்லாத்தான் இருக்கு. உன் மூஞ்சிதான் திரிஞ்சு போயிருக்கு."

ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரை அவன் கையில் கொடுத்தேன்.

ஜன்னலோரம் நின்றிருந்த மருமகள் சிரித்துவிட்டாள். சற்று நேரத்தில் உள்ளே பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

அவன் காதை விட்டான்.

"சரிம்மா. நாங்க மட்டும் கிளம்புறோம். ஆனா தினமும் போன் பண்ணுவேன்."

"பண்ணு. தண்ணி மட்டும் ஊத்தாதே."

கிளம்பும்போது, வெட்டிய கதிர்களில் ஒரு கொத்தை நூலால் சுற்றிக் கொடுத்தேன். காரில் ஏறும் முன் அதில் முகத்தைப் புதைத்தான். கண்கள் தாமாக மூடின. காலையிலிருந்து விறைத்திருந்த தோள்கள் இறங்கின.

"வீடு பூரா இந்த வாசனைதான். இதை விட்டுட்டு நீ எங்கம்மா வரப்போறே" என்றான்.

அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டிய மட்டும் பார்த்துக்கொண்டேன்.

கார் தெருமுனை திரும்பிய பிறகு, மிச்சமிருந்த கொத்தை எடுத்து நானும் முகத்தோடு அழுத்தினேன்.

சொரசொரப்பு. கொஞ்சம் வெயில் சூடு. வேறொன்றும் இல்லை.

இரண்டு வருடமாக வேறொன்றும் இல்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என்னைச் சோதித்த மருத்துவர், முகரும் சக்தி இனிமேல் திரும்பாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கு ஒரு மணமும் இல்லாத தெரு வழியாக நடந்து வந்தவள், பாதியில் செடி விற்கும் கடைக்குள் நுழைந்தேன்.

"இருக்கிறதிலேயே வாசனை தூக்கலான செடி எது? அதைக் கொடுங்க" என்றேன்.