டிரைவரின் பிரதி

“சும்மா கேட்டாலும் தரமாட்டேன், காசு குடுத்தாலும் தரமாட்டேன். டீயைக் குடிங்க தம்பி, ஆறுது.”

டிரைவர் மடியிலிருந்த நீல அட்டைப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்தவனை நண்பர்கள் ‘கையெழுத்து’ என்றே கூப்பிடுவார்கள். தலைவர்களின் சுயசரிதைகளில், அவர்களே கைப்பட யாருக்காவது எழுதிக் கொடுத்த முதற்பதிப்புகளாகத் தேடிச் சேர்ப்பவன். அலமாரியில் முப்பத்தொன்று இருந்தன. இந்த டிரைவர் வண்டி ஓட்டிய தலைவருடையது மட்டும் இன்னும் அகப்படவில்லை.

“எனக்கு எழுதிக் குடுத்தது சும்மாவா? வண்டில துப்பாக்கி கிடைச்சு என்னை உள்ள போட்டப்ப, கட்சியில ஒருத்தன் எட்டிப் பாக்கல. அவர்தான் வக்கீல் வெச்சாரு. ஒத்துக்கோ, தண்டனை குறையும்னாரு வக்கீல். ஒத்துக்கிட்டேன். மூணே வருஷம்.”

“நீங்க வெச்ச துப்பாக்கியா?”

“அட போங்க, எனக்கு ஹாரன் அடிக்கவே பயம்!” டிரைவர் சிரித்தார். “வெளிய வந்ததும் மறுபடி வேலை குடுத்தாரு. புத்தகம் வந்த அன்னிக்கு, பின் சீட்டுல உக்காந்து ரெண்டுல எழுதினாரு. ஒண்ணு வக்கீலுக்கு, நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். இன்னொண்ணு இது. ‘கூடப் பிறக்காத தம்பிக்குன்னு போட்டிருக்கேன்டா’ன்னாரு.”

“பாக்கவாவது குடுங்கண்ணே.”

டிரைவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். அவன் வழக்கப்படி முதலில் பதிப்பு விவரத்தைப் பார்த்தான். முதற்பதிப்புதான். பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, பேனா மைதானா என்று பார்த்தான். அப்புறம்தான் எழுதியிருந்ததைப் படித்தான்.

‘துப்பாக்கியை டிரைவர் தலையில் கட்டி என்னைக் கரையேற்றிய வக்கீல் நண்பருக்கு.’

அவன் மறுபடி படித்தான். எழுத்து மாறவில்லை.

“கண்ணு கலங்குதே உங்களுக்கு?” டிரைவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அருமை தெரிஞ்சவர்தான் நீங்க. சரி, எடுத்துக்கோங்க. எனக்கப்புறம் இதை யாரு பாக்கப்போறா?”

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. அவனுக்குத்தான் கை எழவில்லை.

“ஒண்ணே ஒண்ணு தம்பி. கண்ணு பட்டுடும்னு இத்தனை வருஷமா யார்கிட்டயும் நான் பிரிச்சுக் காட்டினதில்ல.” டிரைவர் வெட்கத்தோடு நெருங்கி உட்கார்ந்தார். “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் எழுதினதை ஒரு தடவை சத்தமா வாசிங்க.”