காலி ஹாலின் மகிமை

பழங்காநத்தத்தில் மாப்பிள்ளை வீட்டு ஹாலுக்குள் நுழைந்ததும் பெண்ணின் அப்பா ஒச்சப்பன் திகைத்தார். “என்ன சம்பந்தி, ஒரு நாற்காலியக்கூடக் காணோம்?”

மாப்பிள்ளையின் அப்பா நல்லகாமன் சமாளிப்பதற்காக, மகன் செல்போனில் காட்டியதை எடுத்துவிட்டார். “மினிமலிசம் சம்பந்தி! ஜப்பான்காரன் அந்தக் காலத்துலயே பாயோட வாழ்ந்தவன். அதப் பாத்து வெள்ளக்காரனே சொக்கிப்போனான். சாமான் கொறஞ்சா மனசு லேசாயிருமாம்.”

“அம்புட்டு இருக்கா இதுல!” வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த ஒச்சப்பன், சீர் லாரியோடு வந்துகொண்டிருந்த மைத்துனரைப் போனில் அழைத்தார். “மாப்ள, சீர் லாரிய அப்படியே திருப்பு. கட்டில், பீரோ, சோபா எதுவும் இவுகளுக்கு ஆகாதாம்!”

நல்லகாமனுக்குத் தலை சுற்றியது. பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி இல்லை. சீர்ச் சாமானுக்கு இடம் வேண்டுமென்று, வீட்டிலிருந்த அத்தனையையும் நேற்றுத்தான் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டு வந்திருந்தார்.