மைனி வாங்கிய பவுடர்

கறிவேப்பிலைத் தொட்டியில் சௌதா பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மெஹ்ரின் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள்.

வேறு எந்தப் பவுடராக இருந்தாலும் வம்பில்லை. இது மெஹ்ரின் வாங்கித் தந்தது. குழந்தை ரிஹானாவின் கரப்பானுக்கு என்று பிரிக்பீல்ட்ஸ் ஃபார்மசியில் தேடிப் பிடித்த புரோபயாட்டிக் பவுடர். வயிற்றுக்குள் நல்ல கிருமி போனால் தோல் தன்னால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அடுக்கியிருந்தாள்.

மெஹ்ரின், சௌதாவின் கணவன் ஷாஹுலுக்கு அக்கா; சௌதாவுக்கு மைனி. பிள்ளை இல்லாதவள். தம்பி மகள் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை ஆனால் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டால் ரயிலுக்கு நேரமாகும்வரை இறக்கமாட்டாள். போகும்போது ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு, "செடி இம்புட்டு செழிப்பா இருக்கே, என்ன போடுறே?" என்று கேட்பாள். சௌதா பேச்சை மாற்றிவிடுவாள்.

ரிஹானாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. கன்னம் சிவந்து, முழங்கை மடிப்பெல்லாம் வெடித்துவிடும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்பதால் சௌதாவும் பால், தயிர், நெய் எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பால் டீ குடிக்காமல் கண்ணே திறக்காதவள், இப்போது 'தே ஓ' என்கிற பாலில்லாத டீயைக் கசாயம் மாதிரி விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

கரப்பான் நன்றாக அடங்கிவிட்டது. பெயர் என்னவோ மெஹ்ரினின் பவுடருக்குத்தான். கல்யாண வீடு, கந்தூரி விருந்து என்று மெஹ்ரின் போன இடமெல்லாம் அதே பேச்சு. பெற்றவள் இருந்தும் அத்தைதான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்வாள். அது சௌதாவின் காதுக்கும் வரும். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்தப் பவுடர்தான் இப்போது தொட்டியில் கிடந்தது.

"என்ன செய்யிறே நீ?"

சௌதா காலிப் பாக்கெட்டைக் கைக்குள் மடக்கினாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

மெஹ்ரின் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான், எடுக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து சௌதாவின் தலையில் விழுந்தது. பொறாமை என்றாள். அத்தைக்குப் பேர் வந்துவிடுமே என்று பெற்ற பிள்ளையின் மருந்தையே மண்ணில் கொட்டுகிறாயே என்றாள். இப்படி ஒரு தாயைப் பார்த்ததே இல்லை என்றாள்.

சௌதாவுக்குக் கண் கலங்கியது.

"சரி, நீ கொடுக்க வேணாம். காஜாங்ல நம்ம சொந்தக்காரன் ஹாசிம் இருக்கான்ல, அவன் புள்ளைக்கும் பால் ஆகாதாம். நாளைக்கே இதையெல்லாம் அங்கே கொண்டு போறேன். அவன் பொண்டாட்டியாவது ஒழுங்கா கரைச்சுக் கொடுப்பா."

சொன்னதோடு நிற்காமல் பெட்டிகளை எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தாள். அப்போதுதான் சௌதா பையைப் பிடித்தாள்.

"வேணாம் மைனி. அதுல பால் இருக்கு."

"பால் எங்கேருந்து வந்துச்சு? பெட்டியைத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்கினேன். ஹலால் சாப் குத்தியிருக்கு லா."

"ஹலால்தான் மைனி. பாலும் ஹலால்தானே. நம்ம புள்ளைக்குத்தான் ஆகாது."

மெஹ்ரினின் கை அப்படியே நின்றது. பெட்டியைத் திருப்பினால் அவள் கண் தேடுவது அந்த வட்ட முத்திரையைத்தான். அது கிடைத்துவிட்டால் மற்ற பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

பிறகு சௌதா எல்லாவற்றையும் சொன்னாள். முதல் பாக்கெட் கொடுத்த அன்றைக்கே பிள்ளையின் முகம் வீங்கி, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். டாக்டர் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தக் கிருமியைப் பாலில் வளர்த்திருக்கிறார்கள், இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்றிருக்கிறார். புரோபயாட்டிக் சில பிள்ளைகளுக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம், நீங்கள் பாலைத் தொடாமல் இருப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று ஷாஹுலின் வாயைக் கட்டியதும் சௌதாதான்.

"என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க அவளைத் தூக்கவே பயப்படுவீங்க மைனி. அப்புறம் வெள்ளிக்கிழமை வரவும் மாட்டீங்க."

மெஹ்ரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு காஜாங்குக்குப் போன் போட்டாள். ஹாசிமின் மனைவி எடுத்தாள்.

"நான் சொன்ன அந்தப் பவுடர் வேணாம்மா. அதுல பால் இருக்கு. நீ எதை வாங்கினாலும் டாக்டர்கிட்ட காட்டிட்டுக் கொடு."

அப்படியென்றால் ரிஹானாவுக்கு எது கேட்டது என்று மறுமுனையில் அவள் விடாமல் விசாரித்தாள்.

மெஹ்ரின் சௌதாவைப் பார்த்தாள். பிறகு பின்வாசல் பக்கம் பார்த்தாள்.

"அவ உம்மா பால் குடிக்கிறதை விட்டா பாரு, அதுதான் கேட்டுச்சு. என் பவுடர் கறிவேப்பிலைக்கு மட்டும்தான் கேட்டுச்சு."